மிஞ்சிய டைல்ஸுக்கு ஒரு குடோன்

புது வீட்டில் பால் காய்ச்சி ஒரு மாதம் ஆன பிறகு மாடிப்படிக்குக் கீழே எட்டிப் பாருங்கள். இரண்டு பெட்டி டைல்ஸ், பாதி தீர்ந்த பெயின்ட் வாளி, நாலைந்து பிவிசி எல்போ, அடுப்பு மேடைக்கு அறுத்ததில் மிஞ்சிய கிரானைட் துண்டு, உறை பிரிக்காத சுவிட்ச் பாக்ஸ், அப்புறம் கட்டியாகிப்போன அரை மூட்டை சிமெண்ட். எல்லாம் காசு கொடுத்து வாங்கியவை. "என்றைக்காவது உதவும்" என்று எடுத்து வைத்திருப்பார்கள். சில வருடங்களில் பாதி உடைந்திருக்கும். வீட்டுக்கு மறுபடி வெள்ளையடிக்கும்போது மீதியும் சேர்ந்து ஒரு குட்டி யானையில் ஏறி, ஊருக்கு வெளியே ஏதோ ஓர் ஏரிக்கரையில் போய் விழும்.

கட்டடக் கழிவு என்றதும் இடித்த சுவரும் புழுதியும்தான் நினைவுக்கு வரும். எடைக் கணக்கில் அது சரிதான். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்குப்படி 2018-ல் அந்த நாட்டில் உண்டான கட்டடக் கழிவு சுமார் 60 கோடி டன். அதில் 90 சதவீதத்துக்கு மேல் இடிப்பு வேலைகளிலிருந்து வந்தது. புதுக் கட்டுமானத்தில் மிஞ்சுவது அதற்கு முன்னால் சிறிய பங்கு. ஆனால் மறுபடி பயன்படுத்த அதைவிட எளிதான பொருள் இல்லை. பெயர்த்தெடுக்க வேண்டாம், சுத்தம் செய்ய வேண்டாம், அளவும் தரமும் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும். அப்படியிருந்தும் நம் ஊரில் வழி இல்லாமல் நிற்பது இதுதான். பழைய தேக்குக் கதவை வாங்க ஆள் இருக்கிறது, துருப்பிடித்த கம்பிக்கு எடைக்கு எடை காசு இருக்கிறது. பிரிக்காத நாலு பெட்டி டைல்ஸை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

ஏன் மிஞ்சுகிறது? பெரும்பாலும் இதில் யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. டைல்ஸ் ஒட்டும்போது ஓரங்களில் வெட்ட வேண்டும், சில உடையும். அதனால் தரையின் அளவைவிட 5 முதல் 10 சதவீதம் கூடுதலாக வாங்கச் சொல்வார் மேஸ்திரி. அது நல்ல ஆலோசனை. சூளையில் சுடும் ஒவ்வொரு தடவையும் நிறம் ஒரு துளி மாறும். அதனால்தான் பெட்டியில் பேட்ச் எண்ணும் ஷேடும் போட்டிருப்பார்கள். வேலை நடுவில் பத்து டைல்ஸ் குறைந்து, திரும்பக் கடைக்குப் போனால் அதே ஷேடு கிடைப்பது சந்தேகம். கடைக்காரர் மிஞ்சியதைத் திருப்பி எடுக்கத் தயங்குவதற்கும் இதே காரணம்தான்: அந்த ஷேடில் ஒற்றையாக நாலு பெட்டியை வைத்துக்கொண்டு ஒரு முழு ஹாலுக்குக் கேட்டு வருபவருக்கு அவரால் விற்க முடியாது. மெஷினில் நிறம் கலந்து வாங்கிய பெயின்ட் அந்த ஒரு வீட்டுக்காகவே கலந்தது, அதுவும் திரும்பாது. சிமெண்டின் கதை வேறு. அது காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மூட்டையைப் பிரிக்காவிட்டாலும் மூன்று மாதத்துக்கு மேல் கிடந்தால் சோதித்துப் பார்க்காமல் பயன்படுத்தக் கூடாது.

பெரிய சைட்டில் இன்னொரு காரணமும் சேரும். பொருள் தீர்ந்து வேலை நின்றால் அன்றைக்கு வந்த அத்தனை பேர் கூலியும் வீண். அந்த நட்டத்தோடு ஒப்பிட்டால் பத்துப் பெட்டி கூடுதலாக இறக்கி வைப்பது மலிவு. கான்ட்ராக்டரின் கணக்கில் மிச்சம் என்பது ஒரு காப்பீட்டுச் செலவு. வேலை முடிந்ததும் அந்தப் பொருள் அவர் கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறது. அடுத்த சைட்டுக்கு வேறு டிசைன், வேறு நிறம். எடுத்துப்போகும் வண்டி வாடகையே பொருளின் மதிப்பைத் தின்றுவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ் ஒரு பெட்டியில் நான்கு இருந்தால் அது சுமார் 15 சதுர அடி. நூறு வீடுகள் உள்ள ஒரு அடுக்குமாடியில் வீட்டுக்கு இரண்டு பெட்டி மிஞ்சியதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 3,000 சதுர அடி. தமிழக அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டின் பரப்பு 360 சதுர அடி, அதைக் கட்ட அரசு தருவது 3.5 லட்சம் ரூபாய். அந்தப் பணத்தில் அஸ்திவாரம், சுவர், தளம் முடிப்பதற்குள்ளேயே பல குடும்பங்கள் கடன் வாங்கிவிடுகின்றன. தரைக்கு சிமெண்ட் பூச்சோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஒரே ஒரு அடுக்குமாடியின் மிச்சம் அப்படிப்பட்ட எட்டு வீடுகளுக்குத் தரை போடும். நிறம் ஒன்றுபோல இருக்காதுதான். அறைக்கு ஒரு நிறம் என்று போட்டால் யாருக்கு என்ன குறை?

அந்தப் பெட்டிக்குள் இருப்பது விலை மட்டும் இல்லை. இந்தியாவின் செராமிக் டைல்ஸில் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியிலிருந்தும் அதன் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வருகிறது. 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டில் வெந்த களிமண் அது. அந்தச் சூட்டுக்கு அங்கே நிலக்கரியை எரிவாயுவாக்கி எரித்துக்கொண்டிருந்தார்கள். காற்றும் நீரும் கெட்டுப்போனதால் 2019-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அந்த அடுப்புகளை மூட உத்தரவிட்டது. பிறகு இயற்கை எரிவாயுவுக்கு மாறினார்கள். அங்கிருந்து லாரியில் பாதி இந்தியாவைக் கடந்து தமிழ்நாட்டுக்கு வந்து, கடைசியில் ஒரு ஆள்கூட மிதிக்காமல் குப்பைக்குப் போகிறது. சிமெண்டின் பாரம் இன்னும் பெரிது. உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் சுமார் 8 சதவீதம் சிமெண்டிலிருந்து வருகிறது. அதில் பாதிக்கு மேல் எரிபொருளால் வருவது அல்ல. சுண்ணாம்புக்கல்லைச் சூடாக்கும்போது கல்லுக்குள்ளிருந்தே அந்த வாயு வெளியேறுகிறது. என்ன எரிபொருளுக்கு மாறினாலும் அந்தப் பகுதியைத் தவிர்க்க முடியாது. ஏற்கெனவே செய்த சிமெண்டை வீணாக்காமல் இருப்பது ஒன்றுதான் நம் கையில் இருக்கும் சுலபமான வழி.

சரி, வேறு எங்கேயாவது இதற்கு வழி கண்டுபிடித்திருக்கிறார்களா? கனடாவின் வின்னிபெக் நகரில் 1991-ல் ஒரு கடை திறந்தார்கள். திறந்தது ஹேபிடட் ஃபார் ஹியுமானிட்டி என்ற தொண்டு நிறுவனம். 1976-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் மில்லார்ட் ஃபுல்லர், லிண்டா ஃபுல்லர் தம்பதி தொடங்கியது அது. வருமானம் குறைந்த குடும்பங்களுக்குத் தன்னார்வலர்களை வைத்து வீடு கட்டித் தருவார்கள். வீடு பெறும் குடும்பமும் கூடவே நின்று உழைக்க வேண்டும். வின்னிபெக் கடைக்கு ரீஸ்டோர் என்று பெயர் வைத்தார்கள். கான்ட்ராக்டர்களிடம் மிஞ்சியவை, ஹார்டுவேர் கடைகளில் விற்காமல் நின்றுபோன மாடல்கள், சமையலறையைப் புதுப்பிப்பவர்கள் கழற்றிய நல்ல அலமாரிகள், கதவு, ஜன்னல், விளக்கு, வாஷ்பேசின் என்று எல்லாவற்றையும் நன்கொடையாக வாங்கி, புதுப்பொருளின் விலையைவிட மிகக் குறைவாக விற்றார்கள். லாபம் வீடு கட்டும் வேலைக்குப் போனது. இன்று வட அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான ரீஸ்டோர் கடைகள் இருக்கின்றன.

இதில் நான் அதிகம் யோசிக்கும் விஷயம், அவர்கள் ஏன் இலவசமாகக் கொடுக்காமல் விற்கிறார்கள் என்பது. மிச்சப்பொருளின் அடிப்படைச் சிக்கல் பொருத்தம். ஒரு ஏழைக் குடும்பத்துக்கு இன்றைக்குத் தேவை மூன்றடிக் கதவு என்றால், இன்றைக்கு வந்திருப்பது இரண்டரை அடிக் கதவாக இருக்கும். அவர்களுக்குக் கழிவறைத் தொட்டி வேண்டும், வந்திருப்பதோ அலங்கார விளக்கு. கிடைத்ததைக் கொண்டுபோய் அவர்கள் வீட்டில் இறக்கினால் அந்தக் குப்பை இடம் மாறுகிறது, அவ்வளவுதான். கடையில் வைத்து விற்றால் அந்த விளக்கை யாரோ வசதியுள்ளவர் வாங்குவார், அந்தக் காசு கழிவறைத் தொட்டியாக மாறும். வாங்க வருபவர் தனக்கு வேண்டியதைத் தானே தேர்ந்தெடுக்கிறார். யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை. வாடகைக்கு இருப்பவர், சின்ன டீக்கடை போடுபவர், பள்ளி நாடகத்துக்கு மேடை செய்பவர் என்று எல்லாரும் வருவார்கள். குடோன் வாடகையும் வேலையாட்களின் சம்பளமும் அந்த விற்பனையிலிருந்தே வந்துவிடும். தொண்டு மனம் மட்டும் இருந்து, இந்தக் கடைக் கணக்கு இல்லாத முயற்சிகள் ஒரு வருடத்தில் இடமில்லாமல் மூடிவிடும் ஆபத்து அதிகம்.

பெயின்டுக்கும் தனியாக ஏற்பாடுகள் உண்டு. பிரிட்டனில் கம்யூனிட்டி ரீபெயின்ட் என்ற வலையமைப்பு மிஞ்சிய பெயின்டைச் சேகரித்து, தொண்டு அமைப்புகளுக்கும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கும் கொடுக்கிறது. அமெரிக்காவின் ஒரேகான் மாநிலம் 2009-ல் ஒரு சட்டமே கொண்டுவந்தது. பெயின்ட் வாங்கும்போதே டப்பாவுக்கு ஒரு சிறு கட்டணம் சேர்ந்துவிடும், மிஞ்சியதைத் திரும்பப் பெறும் செலவு அதிலிருந்து போகும். செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கு நான் பார்த்ததில் மிகவும் நேர்மையான பதில் இதுதான்.

இடித்த பொருள் விஷயத்தில் நாம் மற்றவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியது குறைவு. தமிழ்நாட்டில் பழைய வீட்டை இடிப்பது தலைமுறை தலைமுறையாக ஒரு அறுவடை வேலை. தேக்கு உத்தரமும் கம்பியும் நிறைய இருக்கும் வீடு என்றால் இடிப்பவரே உரிமையாளருக்குப் பணம் கொடுப்பார். நிலை, கதவு, ஜன்னல் கம்பி, ஓடு, கடப்பைக் கல், செங்கல் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, நகரத்துக்கு வெளியே சாலையோரக் கடைகளுக்குப் போய்ச் சேரும். கிராமத்தில் வீடு கட்டும் ஒரு கொத்தனார் அங்கே வந்து அளவு பார்த்து நிலைக்கதவு எடுத்துப்போவார். எந்த அரசாணையும் இல்லாமல், எந்த மானியமும் இல்லாமல் நடந்த வேலை இது. இதைச் செய்பவர்களை நாம் பழைய சாமான் வியாபாரி என்று ஒதுக்கியே வைத்திருக்கிறோம். இந்த நகரங்களின் எத்தனை டன் மரத்தையும் கல்லையும் அவர்கள் குப்பைமேட்டிலிருந்து காப்பாற்றியிருப்பார்கள் என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

செட்டிநாட்டு வீடுகளில் இதன் இன்னொரு முகம் தெரியும். பர்மாத் தேக்குத் தூண்கள், இத்தாலியப் பளிங்கு, ஆத்தங்குடிக் கற்கள் என்று கட்டிய வீடுகள். பங்காளிகள் பெருகி, ஆளுக்கொரு ஊரில் இருக்க, பராமரிக்க முடியாமல் பல வீடுகள் பிரித்து விற்கப்பட்டன. காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் அந்தத் தூண்களைப் பார்க்கலாம். ஒரு வீடு இப்படித் துண்டு துண்டாகச் சிதறுவது எனக்கு வலிக்கிறது. ஆனாலும் அது எரிந்து சாம்பலாவதைவிட, வேறொரு வீட்டில் நிற்பது மேல். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ரா பாரம்பரிய அருங்காட்சியகத்தில் இன்னும் நல்ல முடிவு எடுத்தார்கள். தென்னிந்தியாவின் பல பகுதிகளில் இடிபட இருந்த வீடுகளை விலைக்கு வாங்கி, பகுதி பகுதியாகப் பிரித்துக் கொண்டுவந்து, அந்தந்த ஊர்க் கைவினைஞர்களை வைத்தே மறுபடி நிறுத்தினார்கள்.

அந்த வளாகத்தின் வடிவமைப்பில் தொடக்கத்தில் பங்கெடுத்தவர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தில் வாழ்ந்து 2007-ல் மறைந்த கட்டடக் கலைஞர். அவர் செய்த ஒரு காரியம் இந்த விஷயத்துக்கு மிக நெருக்கமானது. கான்கிரீட் தளத்தின் கீழ்ப்பகுதியில் இருக்கும் கான்கிரீட் பாரம் தாங்குவதில்லை, இழுவிசையை அங்கே கம்பிதான் ஏற்கிறது. அப்படியானால் கம்பிகளுக்கு நடுவில் விலை உயர்ந்த கான்கிரீட்டை ஏன் நிரப்ப வேண்டும்? பேக்கர் அங்கே பழைய மங்களூர் ஓடுகளை வைத்தார். தளத்தின் எடை குறைந்தது, சிமெண்டும் கம்பியும் குறைந்தன, உள்ளே சூடும் குறைந்தது. ஒழுகும், விரிசல் விட்டது, ஓரம் உடைந்தது என்று கூரையிலிருந்து இறக்கிய ஓடு இதற்குப் போதும். மிச்சப்பொருளை எங்கே வைத்தால் அதன் குறை குறையாகத் தெரியாது என்று யோசித்த பொறியாளர் மூளை அது. அவரும் சேர்ந்து 1985-ல் தொடங்கிய காஸ்ட்ஃபோர்டு அமைப்பு இன்றும் கேரளத்தில் அதே முறையில் கட்டுகிறது.

பழைய வீடுகளைப் பிரிக்க முடிந்ததற்கு நம் சாமர்த்தியம் மட்டும் காரணம் இல்லை, சுண்ணாம்பும் காரணம். சுண்ணாம்புக் காரை செங்கல்லைவிட மென்மையானது. தட்டினால் காரை உதிரும், கல் முழுதாக வரும். சிமெண்ட் கலவை நேர்மாறு. அது செங்கல்லைவிடக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதால் தட்டும்போது கல்தான் உடைகிறது. டென்மார்க்கிலும் இதே சிக்கல் வந்தது. அங்கே 1960களுக்குப் பிறகு கட்டிய சுவர்களில் சிமெண்ட் கலவைதான். கோபன்ஹேகனில் லெண்டேயர் என்ற கட்டடக்கலை நிறுவனம், கல்லைத் தனித்தனியாக எடுக்க முடியாது என்று ஆனதும், சுவரையே சதுரம் சதுரமாக ரம்பத்தால் அறுத்தது. கார்ல்ஸ்பெர்க் மது ஆலையின் பழைய கட்டடங்களிலிருந்தும் வேறு இடங்களிலிருந்தும் அறுத்த அந்தத் துண்டுகளை அடுக்கி 2019-ல் ஒரு குடியிருப்பின் முகப்பாக்கினார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் ஊர் சிறு கான்ட்ராக்டரால் வைர ரம்பமும் கிரேனும் வைத்து இதைச் செய்ய முடியாது.

இதை இங்கே சொல்லக் காரணம், இனி சென்னையில் இடிபடப்போகும் கட்டடங்கள் சுண்ணாம்பு வீடுகளாக இருக்காது. 1980களிலும் 90களிலும் கட்டிய அடுக்குமாடிகள் வரிசையில் நிற்கின்றன. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டாலே மறுகட்டுமானம் செய்யலாம் என்று வழி திறந்துவிட்டது. அந்தக் கட்டடங்களில் தேக்கு உத்தரம் இல்லை, ஓடு இல்லை, சிமெண்ட் கலவையில் பிடித்த செங்கல். இயந்திரம் வைத்து உடைத்தால் கம்பி மட்டும் மிஞ்சும், மற்றதெல்லாம் ரப்பிஷ். பழைய சாமான் வியாபாரியின் பரம்பரை அறிவு இங்கே பாதிதான் உதவும். கதவு, ஜன்னல், கிரில், குழாய், வாஷ்பேசின், கிரானைட் மேடை ஆகியவற்றை இயந்திரம் வருவதற்கு முன்னால் கழற்றினால்தான் உண்டு. அதற்குச் சில நாள் அவகாசம் வேண்டும். பில்டருக்கு அந்தச் சில நாளும் வட்டி.

அந்த அவகாசத்தைச் சட்டமாகவே ஆக்கியது ஒரேகானின் போர்ட்லாந்து நகரம். 1916-லோ அதற்கு முன்போ கட்டிய வீடுகளை இயந்திரத்தால் இடிக்கக் கூடாது, கையால் பிரிக்க வேண்டும் என்று 2016 அக்டோபர் 31 முதல் விதி வந்தது. பிறகு அது 1940 வரை கட்டிய வீடுகளுக்கும் நீண்டது. அவை மர வீடுகள். நூறு வருடத்துக்கு முந்தைய காட்டு மரம், இன்றைக்கு வளர்க்கும் மரத்தைவிட அடர்த்தியானது. கையால் பிரிக்க நாளும் செலவும் அதிகம்தான். அதற்கு ஈடாக மரம் முழுதாகக் கிடைக்கிறது, ஈயமும் ஆஸ்பெஸ்டாஸும் கலந்த தூசி அக்கம்பக்கத்து வீடுகளில் படிவது குறைகிறது, பிரிக்கப் பயிற்சி பெற்றவர்களுக்கு வேலையும் கிடைக்கிறது.

இந்தியாவிலும் விதிகள் இருக்கின்றன. 2016-ல் வந்த கட்டுமானம் மற்றும் இடிப்புக் கழிவு மேலாண்மை விதிகள், ஒரு நாளைக்கு 20 டன் அல்லது ஒரு திட்டத்தில் மாதம் 300 டன்னுக்கு மேல் கழிவு உண்டாக்குபவர் அதைக் கான்கிரீட், மண், இரும்பும் மரமும் பிளாஸ்டிக்கும், செங்கல்லும் காரையும் என்று பிரித்துத்தான் தர வேண்டும் என்றன. 2025-ல் அறிவித்த புதிய விதிகள் 2026 ஏப்ரல் 1-ஐ அமலுக்கு வரும் நாளாகக் குறித்து, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுபவர்கள் மேல் மறுசுழற்சிப் பொறுப்பைச் சுமத்தின. சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் கட்டடக் கழிவை அரைக்கும் ஆலைகள் இருக்கின்றன. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 383 தரநிலை 2016-ல் திருத்தப்பட்டு, உடைத்த கான்கிரீட்டிலிருந்து எடுத்த ஜல்லியைச் சாதாரணக் கான்கிரீட்டில் 25 சதவீதம் வரையும், எம்25 என்ற வலிமைத் தரம் வரையிலான கம்பி போட்ட கான்கிரீட்டில் 20 சதவீதம் வரையும் சேர்க்க அனுமதித்தது. இவை எல்லாமே நல்ல முன்னேற்றம்.

ஆனால் இந்த ஏற்பாட்டின் மையம் முழுக்க அரைப்பதில்தான் இருக்கிறது. ஒரு நல்ல செங்கல்லை அரைத்தால் மணலாகும், செங்கல்லைச் சுட்டெடுக்கச் செலவான நெருப்பு வீணாகிவிடும். ஒரு டைல்ஸ் பெட்டியை அரைத்தால் நடைபாதை நிரப்பும் பொடி. பொருளைப் பொருளாகவே அடுத்தவர் கைக்கு மாற்றுவதைக் கணக்கில் எடுக்கும் அமைப்பு இல்லை. 20,000 சதுர மீட்டருக்குக் கீழே கட்டுபவர்களின் மிச்சமோ, வீட்டைப் புதுப்பிக்கும் ஒரு குடும்பத்தின் மிச்சமோ இந்த வலையில் சிக்கவே சிக்காது. நகரத்தின் ஓரத்தில் இரவோடு இரவாகக் கொட்டப்படும் குவியல்களில் இவர்கள் பங்கும் இருக்கிறது. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-ல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. சதுப்பில் விழும் ஒவ்வொரு வண்டி இடிபாடும் மழைநீர் நிற்க வேண்டிய இடத்தை அடைக்கிறது, அந்த நீர் வேளச்சேரியிலோ பெரும்பாக்கத்திலோ ஏதோ ஒரு வீட்டுக்குள் நுழையும்.

எல்லாவற்றையும் மறுபடி பயன்படுத்தலாம் என்று சொல்லிவிட முடியாது. ஏழைக்கு உதவுகிறோம் என்ற பெயரில் ஆபத்தை ஏழையிடம் தள்ளிவிடக் கூடாது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைக் கழற்றி இன்னொரு குடிசைக்குக் கூரையாக்குவது நம் ஊரில் சர்வசாதாரணம். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அறுக்கும்போதும் ஆணி அடிக்கும்போதும் உடையும்போதும் அதன் இழை காற்றில் பறக்கும். வளைந்த கம்பியை நிமிர்த்தி மறுபடி தளத்தில் போடுவதும் வழக்கம். வளைத்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம். அது வேலிக்கோ, பந்தல் காலுக்கோ போகட்டும், பீமுக்கும் தூணுக்கும் வேண்டாம். பழைய கதவின் பெயின்டைச் சுரண்டும்போதும் கவனம் தேவை. வீட்டு பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயின்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூசி முதலில் போய்ச் சேர்வது தரையில் தவழும் குழந்தையின் வாய்க்குத்தான். நனைத்துச் சுரண்ட வேண்டும், குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. பழைய ஒயரை யாருக்கும் கொடுக்கக் கூடாது. செம்புக்கு விற்கலாம்.

ஆக, ஒரு ஊரில் மிச்சப்பொருளுக்குக் கடை போட வேண்டுமானால் என்னென்ன வேண்டும்? முதலில் மழை படாத, லாரி வந்து திரும்பக்கூடிய ஒரு குடோன். கட்டுமானப் பொருளுக்கு இடம் அதிகம் வேண்டும், வாடகைதான் இதைச் சாய்க்கும். மாநகராட்சியிடம் சும்மா கிடக்கும் கட்டடம் ஒன்று குறைந்த வாடகைக்குக் கிடைத்தால் பாதிக் கவலை தீரும். அடுத்து, பொருளைப் பார்த்து இது தேறும், இது தேறாது என்று சொல்லத் தெரிந்த ஒருவர். ஓய்வுபெற்ற மேஸ்திரிகளைவிட அதற்குப் பொருத்தமானவர்கள் இல்லை. முப்பது வருடம் சைட்டில் நின்றவருக்கு மூட்டையைத் தட்டிப் பார்த்தாலே சிமெண்டின் நிலை தெரியும். வேண்டாம் என்று சொல்லும் அதிகாரமும் அவருக்கு வேண்டும். இல்லாவிட்டால் எல்லாரும் தங்கள் குப்பையை நன்கொடை என்று கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். வரும் ஒவ்வொரு பொருளையும் அளந்து, அளவும் எண்ணிக்கையும் படமும் போனில் ஏற்றிவிட வேண்டும். 2 அடி 6 அங்குலக் கதவு என்று எழுதியிருந்தால் அது தேவைப்படும் கொத்தனார் வண்டி எடுத்துக்கொண்டு வருவார். "கதவு இருக்கிறது" என்று மட்டும் போட்டால் யாரும் வர மாட்டார்கள்.

நடத்துவது யார்? என் விருப்பம் மகளிர் சுய உதவிக் குழுக்கள். கணக்கு வைக்கவும், சின்ன லாபத்தில் தொழில் நடத்தவும் அவர்களுக்குப் பழக்கம் உண்டு. யார் வீட்டில் கதவு இல்லை, எந்த அங்கன்வாடியில் தரை பெயர்ந்திருக்கிறது என்பதும் எந்த அதிகாரியைவிடவும் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். 2023 மே மாதம் தூய்மை இந்தியா திட்டத்தில் நாடு முழுவதும் நகரங்களில் பழைய துணி, புத்தகம், பொம்மை, செருப்பு வாங்கி மறுபடி கொடுக்கும் மையங்களைத் திறந்தார்கள். அதே யோசனையை டைல்ஸுக்கும் கதவுக்கும் நீட்டுவதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை, பெரிய இடம்தான் வேண்டும். பழைய சாமான் வியாபாரிகளை எதிரியாக நினைக்காமல் இதில் சேர்க்க வேண்டும். பிரிக்கும் வேலை தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

பொருள் வந்து சேர ஒரு சின்ன உந்துதல் தேவைப்படும். பெரிய கட்டடங்களில் குடியேறுவதற்கு முன் நிறைவுச் சான்று வாங்க வேண்டும். அந்த விண்ணப்பத்தில் ஒரு பக்கம் சேர்க்கலாம்: என்ன பொருள், எத்தனை மிஞ்சியது, எங்கே கொடுக்கப்பட்டது. கொடுத்ததற்குக் குடோனின் ரசீது ஒட்டினால் போதும். பில்டருக்கு அது சைட்டைக் காலி செய்யும் செலவையும் மிச்சப்படுத்தும். தனி வீடு கட்டுபவர்களிடம் இதைக் கேட்க முடியாது. அவர்களுக்கு மேஸ்திரியே சொல்லிவிடலாம். கடைசி நாள் கணக்கு முடிக்கும்போது, மாடிப்படிக்குக் கீழே எடுத்து வைக்கும் முன்பே. உடைந்தால் மாற்றப் பத்து டைல்ஸ் வீட்டிலேயே இருக்கட்டும். மீதிப் பெட்டிகள் அந்த வாரமே போகலாம்.